ஏரிக்கு மூத்த வேதக்கோயில்

ஹட்டன் பக்கம் சுற்றுலா போய் வந்தவர்களின் கைபேசியில் அநேகமாக ஒரு படம் இருக்கும். முன்னால் தேயிலைச் சரிவு, நடுவே சின்னதாக ஒரு கல்கோயில், கீழே விரிந்து கிடக்கும் காசல்ரீ நீர்த்தேக்கம். டிக்கோயாவின் வார்லி கிறிஸ்து ஆலயம் அது. படத்தைப் பார்க்கிறவர்கள் சொல்வது ஒன்றுதான்: வெள்ளைக்காரன் எப்படி இடம் பார்த்துக் கட்டியிருக்கிறான், தண்ணீர் தெரிகிற மாதிரி! கோயில் கட்டியது 1878ல். அணை எழும்பித் தண்ணீர் நின்றது 1965ல். ஏரியை விடக் கோயில் 87 வயது மூத்தது. கட்டியவர்களில் ஒருவரும் அந்தத் தண்ணீரைப் பார்த்ததில்லை.

ஏரி மட்டுமல்ல, அந்தப் படத்தில் காலங்காலமாக இருப்பதுபோலத் தெரிகிற பலவும் பிறகு வந்தவைதான். தேயிலையே பிறகு வந்தது.

1878ல் டிக்கோயா கோப்பிச் சீமை. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டுப் பார்த்தது 1867ல். அதை அப்போது பெரும்பாலான துரைமார் ஒரு பரீட்சையாகத்தான் பார்த்தார்கள். பணம் கோப்பியில் இருந்தது. 1869லேயே இலையின் அடியில் மஞ்சள் பொடிபோலப் பூத்த துரு நோய் கண்ணில் பட்டுவிட்டது. ஆனாலும் உலகச் சந்தையில் கோப்பி விலை ஏறிக்கொண்டே போனதால், நோயைப் பார்த்தும் பார்க்காததுபோல டிக்கோயா, திம்புலை, மஸ்கெலியா என்று மேலும் மேலும் காடு வெட்டினார்கள். அந்தக் கடைசிக் கொழுத்த வருடங்களில் எழுந்த கோயில் இது. அடுத்த சில ஆண்டுகளில் கோப்பி படுத்தது; 1884ல் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்துவந்த ஓரியண்டல் வங்கியே மூடிக்கொண்டது. ஆறு வருடம் தள்ளிப் போட்டிருந்தால் இந்தக் கோயிலுக்கு யாரும் கல் எடுத்து வைத்திருப்பார்களா என்பது சந்தேகமே.

ரயிலும் அப்போது ஹட்டனுக்கு வரவில்லை. 1874ல் நாவலப்பிட்டி வரை வந்த பாதை ஹட்டனை எட்டியது 1884ல், அதற்கு அடுத்த வருடம் நானுஓயா. ஆகவே வெளியூரிலிருந்து வர வேண்டிய எந்தச் சாமானும் நாவலப்பிட்டியில் இறங்கி, அங்கிருந்து மாட்டு வண்டியிலும் மனிதத் தலையிலும்தான் மேலே ஏற வேண்டும். அந்தத் தலைகள் யாருடையவை என்பதைக் கோயிலின் எந்தக் கல்லிலும் தேட வேண்டாம்.

இந்தப் பள்ளத்தாக்கின் தோட்டப் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். டன்கெல்ட், கிளென்கேர்ன், போர்டைஸ் என்று ஸ்கொத்லாந்து மணம் வீசும். துரைமாரில் பெரும் பகுதி ஸ்கொத்லாந்துக்காரர். அவர்களுடைய சொந்தச் சபை பிரெஸ்பிற்றீரியன் சபை. ஆனால் அரசாங்கத்தின் செல்லப் பிள்ளை வார்லி சார்ந்த இங்கிலாந்துத் திருச்சபைதான். கொழும்புக்கு முதல் அங்கிலிக்கன் ஆயராக ஜேம்ஸ் சப்மன் 1845ல் வந்திறங்கியபோது அது குடியேற்ற அரசின் சபையாகவே வந்தது. குருமார் பலருக்குச் சம்பளம் அரசாங்கத்துப் பணம். 1881ல்தான் அந்த உறவை அறுக்க முடிவாயிற்று. பௌத்தரும் இந்துக்களும் முஸ்லிம்களும் கட்டும் வரியில் ஒரு சபைக்கு மட்டும் ஏன் படி அளக்க வேண்டும் என்ற கேள்வி அதற்குள் உரக்கவே எழுந்திருந்தது.

நுவரெலியாவில் கதை இன்னும் கொஞ்சம் முந்தியது. அங்கே பரிசுத்த திரித்துவ ஆலயத்தைச் சப்மன் ஆயர் அர்ப்பணித்தது 1852ல். சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் ஆளும் பேரும் ஆடும் மாடும் ஏற்றிவந்து அந்தக் குளிர்மேட்டில் ஒரு இங்கிலாந்துக் கிராமத்தை நட்டுப் பார்த்த காலம் அது. நுவரெலியா கோயில் ஓய்வெடுக்க வந்த அதிகாரிகளுக்கும் நோய் தேற வந்தவர்களுக்கும் உரியது. வார்லியோ தோட்டத்துக்கு நடுவில், உழைப்பு நடக்கும் இடத்திலேயே நின்றது. ஆகவே யார் உள்ளே, யார் வெளியே என்ற கேள்வி இங்கே கொஞ்சம் கூர்மையானது.

சரி, தமிழர் எப்போது வேதக்கோயிலுக்குள் வந்தார்கள்? இதற்கு மலையிலிருந்து இறங்கிக் கடற்கரைக்குப் போக வேண்டும்.

திருச்செந்தூருக்கும் கன்னியாகுமரிக்கும் இடையில், தேரிமணலும் பனையுமாகக் கிடக்கும் கரையோரக் கிராமங்களில் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே அங்கிலிக்கன் மிஷன் வேர் விட்டிருந்தது. மிஷனரி கால்டுவெல் 1841ல் இடையன்குடிக்கு வந்தார். அவர் அங்கே கட்டத் தொடங்கிய திரித்துவ ஆலயம் முப்பது வருடத்துக்கு மேல் இழுத்து, 1880ல்தான் அர்ப்பணமாயிற்று. அதாவது வார்லிக்கு இரண்டே வயது இளையது. மெய்ஞ்ஞானபுரம், சாயர்புரம், நாசரேத் என்று அந்தப் பக்கத்துப் பெயர்களே மிஷன் சரித்திரம் சொல்லும். பனை ஏறினால் பாதி வருடம்தான் வயிறு நிறையும் என்ற அந்த ஊர்களிலிருந்தும் ஆட்கள் இலங்கைக்குக் கப்பலேறினார்கள். தோட்டத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து இந்துக் குடும்பங்கள். திருநெல்வேலிக் கிறிஸ்தவர் அவர்களில் ஒரு சிறு கூட்டம். ஆனால் ஜெபபுத்தகத்தையும் கீர்த்தனையையும் மலைக்குக் கொண்டுவந்தது அந்தச் சிறு கூட்டம்.

கடல் கடந்த வழி பெரும்பாலோருக்கும் ஒன்றுதான். இராமநாதபுரக் கரையில் தோணி ஏறி மன்னாரில் இறங்குவது, அங்கிருந்து வன்னிக் காட்டு வழியாக மாத்தளை வரை நடை. வாந்திபேதியும் காய்ச்சலும் விழுங்கியவர்கள் எத்தனை பேர் என்று ஒழுங்கான கணக்கு கிடையாது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாதுவருடப் பஞ்சம் தின்ற காலத்தில் இந்த வழியில் வந்தவர் தொகை வீங்கிப் போயிற்று. வார்லியில் கல்லடுக்கிய அதே மாதங்களில்தான் பஞ்சத்துக்குத் தப்பியவர்கள் மாத்தளை தாண்டி மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள்.

அவர்களுக்கென்று 1854லேயே ஒரு ஏற்பாடு தொடங்கியிருந்தது. தோட்டத் துரைமார் சிலர் பணம் போட, சி.எம்.எஸ். மிஷன் ஆள் தர, கண்டியை மையமாக வைத்துத் 'தமிழ்க் கூலி மிஷன்' உருவாயிற்று. பெயரைக் கேட்டாலே அந்தக் காலத்தின் மனசு விளங்கும். திருநெல்வேலியில் வேலை செய்து தமிழ் பழகிய மிஷனரிகளும், அதே ஊர்களிலிருந்து அழைத்துவந்த உபதேசியார்களும் அதன் கை கால்கள். நிஜமான வேலை உபதேசியாருடையது. விடிய முன்னே தப்பு அடித்துப் பெரட்டுக்கு ஆள் கூடும் தோட்டத்தில் பகலில் யாரிடம் பேச முடியும்? அந்தி சாய்ந்து வேலை முடிந்து, ஆட்கள் லயத்துக்குத் திரும்பிய பிறகு, மலைக்கு மலை நடந்து, லயக் காம்பராவின் வாசலில் விளக்கு வைத்துப் படிக்கச் சொல்லிக் கொடுப்பதும் ஜெபம் நடத்துவதும்தான் வழி. பல தோட்டங்களில் முதல் எழுத்துப் பலகை அப்படி வந்ததுதான். அரசாங்கம் தோட்டப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி யோசிக்க இருபதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது.

இதில் ஒரு முடிச்சும் உண்டு, அதை மழுப்பக் கூடாது. மிஷனுக்குப் படியளந்தவர்கள் துரைமார். படியளக்கிறவனைப் பார்த்து "உன் கங்காணி ஆட்களைத் துண்டுக் கடனில் கட்டிப் போட்டிருக்கிறானே" என்று கேட்க எந்தப் பாதிரியாருக்குத் துணிவு வரும்? தொழிலாளியின் கடன் தொகையை எழுதி, அதைக் கட்டுகிற தோட்டம் ஆளை எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்த துண்டு முறை 1921ல்தான் ஒழிந்தது. அதை ஒழிப்பதில் மலையகச் சபைகள் முன்னால் நின்றன என்று சொல்ல முடியாது. படிப்புக் கொடுத்தார்கள், மருந்து கொடுத்தார்கள், இறந்தால் அடக்க ஆராதனை நடத்தினார்கள். தோட்டத்தின் கணக்குப் புத்தகத்தை மட்டும் திறந்து பார்க்கவில்லை.

டிக்கோயாவிலிருந்து அதே பள்ளத்தாக்கில் மேலே போனால் பொகவந்தலாவை. அங்குள்ள தூய மரியாள் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்துக்கு உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான ஜூலியா மார்கரெட் கமரன் அடங்கியிருப்பது அங்கேதான். 1815ல் கல்கத்தாவில் பிறந்தவர்; நாற்பத்தெட்டு வயதில் கமராவைக் கையில் எடுத்து டார்வினையும் டெனிசனையும் படம் பிடித்தவர்; எழுத்தாளர் வெர்ஜீனியா வூல்ஃபின் தாயாருக்குப் பெரியம்மா முறை. 1875ல் கணவரோடு இலங்கைக்குக் குடிவந்தார். கணவர் சார்ள்ஸ் ஹே கமரனை இலங்கைச் சரித்திரப் பாடத்தில் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்: கோல்புறூக்–கமரன் ஆணைக்குழுவின் கமரன் அவர்தான். அந்தக் குழுவின் அறிக்கைக்குப் பிறகுதான் 1833ல் சட்ட நிரூபண சபை வந்தது, இராசகாரியம் என்ற கட்டாய ஊழியம் நீங்கியது. ஊழியத்தை ஒழிக்கச் சொன்னவர் பிறகு இங்கே கோப்பிக் காணி வாங்கினார் என்பதும் சரித்திரம்தான். ஜூலியா 1879 ஜனவரியில் கிளென்கேர்ன் தோட்டத்தில் காலமானார், கணவர் அடுத்த வருடம்.

ஜூலியா இலங்கையில் எடுத்த படங்களில் முப்பதுக்கும் குறைவானவையே எஞ்சியிருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்குக் களுத்துறைக் குடியானவர்கள் என்று தலைப்பு; எடுத்தது 1878, வார்லி கட்டிய வருடமே. இங்கிலாந்தில் அவர் எடுத்த பிரபலங்களின் படங்களுக்கெல்லாம் ஆளின் பெயர் உண்டு. இங்கே எடுத்தவற்றில் முகம் துல்லியமாக இருக்கிறது, பெயர் பெரும்பாலும் இல்லை.

கல்லறைகளிலும் அதே கதை. 1913ல் ஜே. பென்றி லூயிஸ் என்ற சிவில் அதிகாரி இலங்கையிலுள்ள கல்லறைக் கல்வெட்டுகளைத் திரட்டி ஒரு பெரிய நூலாக்கினார். கல் நாட்டப்படாமல் போன சிலருக்கும் அதில் குறிப்பு உண்டு. அருமையான உழைப்பு, சந்தேகமே இல்லை. ஆனால் கல் நாட்டப் பணம் வேண்டும், கல்லில் வெட்ட எழுத்து வேண்டும், இரண்டும் இருந்தவர்கள் யார் என்பது தெரிந்ததே. காய்ச்சலில் இருபத்தைந்து வயதில் இறந்த துரைக்குப் பளிங்குச் சிலுவை. அவர் தோட்டத்தில் அதே காய்ச்சலில் இறந்தவர்களுக்குத் தேயிலைக்கு உரமாகிப் போன மண்மேடு.

பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் வந்த கதைக்கும் ஒரு நீண்ட முன்கதை இருக்கிறது. இந்த ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918லேயே கட்டுரை படித்தார். லக்ஷபான மின்நிலையம் 1950ல் வந்தது. கெஹெல்கமு ஓயாவை மறித்து காசல்ரீ அணை 1965ல் எழுந்தது. அதன் தண்ணீரில் சுழலும் 50 மெகாவாட் நிலையத்துக்கு விமலசுரேந்திரவின் பெயரையே வைத்தார்கள். நாலைந்து வருடத்தில் பக்கத்து மவுசாக்கலை அணை பழைய மஸ்கெலியா பட்டணத்தை மூழ்கடித்தது. இன்றும் வறட்சி கடுமையானால் அங்கே பழைய இந்துக் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் சேற்றுக்கு மேலே தலைகாட்டும். பார்க்கக் கூட்டம் கூடும். காசல்ரீயிலும் பள்ளத்தின் அடிப்பகுதி தண்ணீருக்குள் போயிற்று. மேட்டில் நின்ற வார்லி தப்பியது மட்டுமல்ல, கேட்காமலே ஒரு ஏரிக்கரையும் அதற்குக் கிடைத்தது. கரையோரத்து லயங்களுக்கோ, அந்தத் தண்ணீரில் பிறந்த மின்சாரம் வந்து சேரப் பல காலம் பிடித்தது.

அதே வருடங்களில் கோயிலுக்கு வரும் ஆட்களும் குறையத் தொடங்கினார்கள். 1948ன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை ஒரே வீச்சில் நாடற்றவராக்கியது. 1949ன் சட்டத்தின்கீழ் பிரஜாவுரிமை கேட்டு விண்ணப்பிக்க, மணமானவர் ஏழு வருடமும் ஆகாதவர் பத்து வருடமும் தொடர்ந்து இங்கே வசித்ததற்குச் சான்று காட்ட வேண்டும். லயத்தில் பிறந்து லயத்தில் வளர்ந்தவனிடம் என்ன கடதாசி இருக்கும்? 1964 அக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று பிரித்தது. ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் புயலில், தலைமன்னார்க் கப்பல் போய் நின்ற தனுஷ்கோடி அழிந்தது. பிறகு கப்பல் ராமேஸ்வரத்தில் போய் நின்றது. ஹட்டன் நிலையத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குப் புறப்பட்ட ரயிலுக்கு மலையகத்தில் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பேர். ஏறினவர்களில் இந்துக்களும் உண்டு, வேதக்காரரும் உண்டு. நீலகிரியின் கோத்தகிரியிலும் கூடலூரிலும் இன்று கேட்டால், டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை என்று தோட்டப் பெயரோடு ஊர் சொல்லும் முதியவர்கள் கிடைப்பார்கள்.

சபையும் மாறாமல் இருக்கவில்லை. 1962ல் குருநாகல் மறைமாவட்ட ஆயரான லக்ஷ்மன் விக்கிரமசிங்க, துரைமார் காலத்துச் சபை கேட்கத் தயங்கியதைக் கேட்டார். கண்டியில் சத்தியோதயம் என்ற நிலையத்தை நடத்திய இயேசு சபைத் துறவி போல் கஸ்பர்ஸ் போன்றோருடன் நின்று தோட்டத் தொழிலாளரின் கூலி, குடியுரிமை, பட்டினி பற்றிப் பேசினார். கொழும்பின் செல்வாக்குள்ள குடும்பத்தில் பிறந்த சிங்கள ஆயர் ஒருவர் லயத்து மக்களுக்காகப் பேசியது அந்தக் காலத்தில் பலருக்கு உறுத்தியது. 1983 ஜூலை வன்செயலுக்குப் பிறகு பாதிக்கப்பட்ட இடங்களுக்கெல்லாம் போய்வந்த அவர் அந்த அக்டோபரிலேயே, 56 வயதில் இறந்தார். 2003ல் பாராளுமன்றம் எஞ்சியிருந்த நாடற்றவருக்கும் குடியுரிமை கொடுத்தபோது பார்க்க அவர் இல்லை. 2023ல், தோட்டங்களுக்கு முதல் ஆட்கள் வந்து இருநூறு வருடம் ஆனதை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பழைய வழியிலேயே ஒரு நடைபயணம் போனார்கள். தேசிய கிறிஸ்தவ மன்றம் அதை முன்னின்று நடத்தியது. அங்கிலிக்கன் சபை அந்த மன்றத்தில் ஓர் உறுப்பு.

இன்று காசல்ரீ கரையின் துரை பங்களாக்கள் சில விலையுயர்ந்த விடுதிகள். 2005 முதல் காசல்ரீ, டியன்சின், நோர்வூட், சமர்வில் என்ற பழைய பங்களாக்களில் வெளிநாட்டார் வந்து தங்குகிறார்கள். மாலையில் அவர்களை வார்லிக்கு அழைத்துவந்து துரைமாரின் கல்லறைகளைக் காட்டுவது வழக்கம். வண்ணக் கண்ணாடி ஜன்னலையும் பழைய ஓர்கனையும் பார்த்து வியந்து திரும்புகிறார்கள். மலையகத்து அங்கிலிக்கன் கோயில்களில் ஞாயிறு ஆராதனைக்கு வருகிறவர்களில் கணிசமானோர் தமிழ் பேசுகிறவர்கள். கொழுந்து எடுப்பவர், தோட்ட உத்தியோகத்தர், ஆசிரியர், கொழும்புக் கடையில் வேலை பார்த்து விடுமுறைக்கு வந்த பிள்ளைகள். அவர்களைப் பற்றி வழிகாட்டிப் புத்தகங்களில் ஒரு வரி தேடினால் கிடைப்பது அரிது.

வார்லி போன்ற கோயில்களில் பார்க்க வேண்டியது கல்லறையை விடப் பீரோவுக்குள் இருக்கும் ஒன்று: ஞானஸ்நானப் பதிவேடு. அங்கிலிக்கன் பதிவேட்டின் படிவம் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். தேதி, பிள்ளையின் பெயர், தாய் தகப்பன் பெயர், வசிக்கும் இடம், தகப்பனின் தொழில், ஞானஸ்நானம் கொடுத்தவரின் கையெழுத்து. துரை பிள்ளைக்கும் தொழிலாளி பிள்ளைக்கும் கட்டம் ஒரே அளவு. பளிங்குக் கல் மறுத்த இடத்தை அந்தக் கோடு போட்ட தாள் கொடுத்திருக்கிறது. விவாகம், அடக்கம் என்று அதே மாதிரி வேறு புத்தகங்களும் உண்டு. பிறப்புச் சான்றே இல்லாமல் இரண்டு நாடுகளுக்கு நடுவே தள்ளப்பட்ட ஒரு சமூகத்துக்கு இவை வெறும் பழைய கடதாசியா?

மலையின் ஈரமும் கறையானும் அந்தத் தாள்களை விட்டுவைக்காது. கோயில் கூரையைப் பழுதுபார்க்கப் பணம் திரட்டுகிறவர்கள் அதில் ஒரு பங்கை இந்தப் புத்தகங்களைப் படம் பிடித்துப் பாதுகாக்க ஒதுக்க வேண்டும். பல்கலைக்கழகங்களின் வரலாற்றுத் துறைகளும் இதற்குக் கை கொடுக்கலாம். நீலகிரியிலோ கொழும்பிலோ ரொறொன்ரோவிலோ இருந்துகொண்டு, "எங்கள் பாட்டன் டிக்கோயாவில் வேதக்கோயிலுக்குப் போனவர்" என்று சொல்லும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள்: தோட்டத்தின் பெயரையும் உத்தேசமான வருடத்தையும் எழுதி அந்தச் சபையின் குருவானவருக்கு ஒரு கடிதம் போடுங்கள். கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால்தான் புத்தகத்தைப் பாதுகாக்கவும் ஆள் இருக்கும்.